கடலில் ஒரு மாதம்: எதை, எப்படி ஏற்றுவது?

கேள்வி: நாங்கள் இருவர், பாய்மரப் படகிலேயே தங்கப்போகிறோம். ஒரு மாதம் கரை கிடைக்காது. உணவுப் பொருட்களை எப்படிச் சேமிப்பது?

பதில்: முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால் 240 லிட்டர். அதில் பாதியளவு கூடுதலாக, தனிக் கேன்களில் இருக்கட்டும். ஒரே தொட்டியை நம்பவே கூடாது. அது கசிந்தாலோ உப்புநீர் கலந்தாலோ மொத்தமும் போய்விடும்.

அரிசி, மாவு, பருப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 400 கிராம், ஆக 24 கிலோ. மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் உறையவைத்தால் வண்டும் அதன் முட்டையும் சாகும். பிறகு வெளியே எடுத்து, ஈரம் நன்றாகக் காய்ந்தபின் காற்றுப்புகாத டப்பாக்களில் அடையுங்கள். அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். கரப்பான் முட்டை அவற்றில்தான் ஏறி வரும். வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு.

தகர டின்கள் கனம் என்பதால் படகின் நடுவில், தாழ்வாக அடுக்குங்கள். முன்முனையில் வைத்தால் படகு அலையில் மூக்கைக் குத்தும். ஈரத்தில் லேபிள் உரிந்துவிடும். உள்ளே என்ன, காலாவதி எப்போது என்று மார்க்கரால் டின்மேலேயே எழுதுங்கள். உப்பிய டின்னைத் திறக்காமல் எறிந்துவிடுங்கள்.

முட்டை கழுவாததாக, ஃபிரிட்ஜில் வைக்கப்படாததாக வாங்குங்கள். இரண்டு நாளுக்கொரு முறை திருப்பி வைத்தால் சில வாரங்கள் தாங்கும். முட்டைக்கோஸை வெட்டாமல் வெளி இலையிலிருந்து உரித்தெடுங்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தனித்தனியே, காற்றோட்டமான வலையில். தினமும் பார்த்து, அழுகியதை உடனே எடுத்துவிட வேண்டும்.