ஃபாக்ஸ் டெரியர் நாய் வீட்டில் வளர்க்க ஏற்றதா, சொன்னால் கேட்குமா?

பாளையங்கோட்டையில் தனி வீடு, கொல்லையில் கோழிகள், ஃபாக்ஸ் டெரியர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் கோழிகளோடு அவிழ்த்துவிடாதீர்கள். வளைக்குள் ஒளியும் நரியை வெளியே விரட்ட இங்கிலாந்தில் உருவாக்கிய இனம் இது. உடம்பு சுமார் 8 கிலோதான். அணிலையோ கீரியையோ கண்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. மண்ணைத் தோண்டும், நிறையக் குரைக்கும். வீட்டு ஆட்களிடம் அவ்வளவு பாசம்!

பழக்குவது? சொல்வது சட்டென்று புரியும், செய்வதா வேண்டாமா என்பதை அதுவே முடிவெடுக்கும். தயவுசெய்து அடிக்காதீர்கள், முரண்டுதான் கூடும். ஐந்து பத்து நிமிடம், கையில் அவித்த கோழித்துண்டு, தினமும் இரண்டு வேளை போதும். குட்டியிலேயே புது ஆட்களையும் மற்ற நாய்களையும் பழக்கிவிடுங்கள். அப்புறம், நம்ம ஊர் வெயில் ஏறுமுன் நன்றாக ஓடவிடுங்கள்; ரோட்டில் சங்கிலி கட்டாயம்.