டம்மி டக் செய்யலாமா? மலைநாட்டிலிருந்து வந்த கேள்விகள்

வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் ஒபரேஷன் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். ஒபரேஷன் எப்படி நடக்கும் என்பதைத்தான் பலரும் கேட்டிருந்தீர்கள். நான் அதைவிட அதிகமாக எழுதியிருப்பது அதற்குப் பிறகு வரும் ஆறு வாரத்தைப் பற்றி. படிக்கட்டும் குளிரும் விறகடுப்பும் உள்ள நம் வீடுகளில் அந்த நாட்களைக் கடப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது பிள்ளைக்கு நாலு வயது. எடை கூடவில்லை, ஆனாலும் பஸ்ஸில் இடம் விட்டு "எத்தனை மாசம்?" என்று கேட்கிறார்கள். சிட்-அப் செய்தும் வயிறு குறையவில்லை. எனக்கு ஒபரேஷன் தேவையா? – ஆசிரியை, ஹட்டன்

பஸ்ஸில் தங்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள் என்று கிளினிக்கில் வந்து அழுத பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, தங்கச்சி. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் ஓடுகின்றன. கர்ப்ப காலத்தில் அவை விலகும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் திரும்பச் சேராது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் தசை விலகியிருக்கக் கூடும்.

அப்படியென்றால் சிட்-அப்பை இன்றே நிறுத்துங்கள். அது பிதுங்கலைக் கூட்டலாம். முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்து, ஆழ்தசைப் பயிற்சியைச் சில மாதம் செய்யுங்கள். பலருக்கு அதுவே போதும். ஆனால் தொங்கிப்போன தோல் எந்தப் பயிற்சிக்கும் சுருங்காது. அதற்குத்தான் இந்த ஒபரேஷன். முழு மயக்கம் கொடுத்து, இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அடிவயிற்றில் வெட்டி, தசைகளை இழுத்துத் தைத்து, மிஞ்சிய தோலை அகற்றி, தொப்புளுக்குப் புது இடத்தில் துளை போடுவார்கள். இரண்டு முதல் நாலு மணித்தியாலம் எடுக்கும். தொப்புளருகே இருமும்போது ஒரு கட்டி தள்ளினால் அது ஹெர்னியாவாக (குடலிறக்கம்) இருக்கலாம். அதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நினைத்து மறைக்காதீர்கள். அது நோய். அரசு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். இரண்டு பிள்ளையும் சீசர். வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சி காசு அனுப்புகிறேன் என்கிறாள். ஒபரேஷன் முடிந்து எத்தனை நாளில் மலைக்குப் போகலாம்? – மஸ்கெலியா

அக்கா, இணையத்தில் "இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம்" என்று படித்திருப்பீர்கள். அது கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு. ஆறு வாரம் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரே பத்து கிலோவைத் தாண்டும். நிறைந்த கொழுந்துச் சாக்கோடு சரிவில் ஏறி இறங்குவதற்கு மூன்று மாதம் என்று கணக்குப் போடுங்கள். இடுப்பில் படங்கு (கொழுந்து பறிக்கும்போது சுற்றிக்கொள்ளும் தடித்த துணி) கட்டும் இடமும் தழும்பு வரும் இடமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் வைத்தியரிடம் "தோட்டத்தில் வேலை" என்று சொல்வதோடு நிறுத்தாமல், படங்கு, சாக்கு, சரிவு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுங்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது கண்ணில் படாது.

முதல் ஒன்று, இரண்டு வாரம் முதுகை நிமிர்த்தாமல் கூனித்தான் நடப்பீர்கள். வயிற்றின் இரண்டு பக்கமும் நீர் வடியும் குழாய் இருக்கலாம். லயத்து வீட்டிலிருந்து கக்கூஸ் எத்தனை படி தள்ளி இருக்கிறது? குந்துகிற கக்கூஸா? பீலித் தண்ணீரை யார் கொண்டு வருவார்கள்? ராத்திரி உடம்புக்கு முடியாவிட்டால் யார் எழுந்து வருவார்கள்? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு திகதி குறியுங்கள். விறகடுப்புப் புகையில் இருமல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுத்துக் குணப்படுத்துங்கள். புதுத் தையலோடு இருமுவது பெரிய வேதனை, தையலுக்கும் கேடு.

காலமும் முக்கியம். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, பாதை வழுக்காது. ஆறு வாரம் அணிய வேண்டிய இறுக்கமான வயிற்று உடுப்பும் துவைத்தால் காயும். (இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று காயும்வரை உடுப்பு அணியாமல் இருக்கக் கூடாது.) பதுளைப் பக்கத்து வாசகர்களுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை வசதி. மழைக் காலம் அங்கே வேறு.

வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் (நாட்சம்பளம்) விழாது. தங்கச்சி அனுப்பும் காசில் ஒபரேஷன் செலவு மட்டும் அடங்கினால் போதாது, மூன்று மாதப் பேரையும் சேர்த்துக் கேளுங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்காமல் யாரும் உங்களை மேசையில் படுக்கவைக்க விடாதீர்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் இரத்தசோகை. இரும்புச்சத்துக் குளிசை எடுத்து அதைச் சரிசெய்ய ஒரு சில மாதம் ஆகலாம். காத்திருங்கள்.

வெற்றிலை போடுவேன், சிகரெட் கிடையாது. பரவாயில்லையா? – பதுளை

வெற்றிலையோடு புகையிலை சேர்த்தால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அதில் உள்ள நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இந்த ஒபரேஷனில் வயிற்றுத் தோலைப் பரந்த அளவில் அடியிலிருந்து பிரித்து எடுக்கிறார்கள், அதற்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். மேலும் குறைந்தால் தையலோரத் தோல் கறுத்து அழுகலாம். ஒபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது நாலு வாரமாவது முழுக்க நிறுத்துங்கள். விட்டதாகப் பொய் சொன்னால் வைத்தியர் கோபிப்பார் என்பது அல்ல விஷயம். காயம் ஆறாமல் அவதிப்படப்போவது நீங்கள்.

எனக்கு 96 கிலோ, சீனி வருத்தமும் உண்டு. செய்தால் தொப்பை போகுமா? – கடைக்காரர், பண்டாரவளை

போகாது, ஐயா. ஆண்களின் கெட்டித் தொப்பையில் பெரும்பாலான கொழுப்பு தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. இந்த ஒபரேஷன் அதைத் தொடாது. சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் காயத்தில் கிருமி பிடிக்கும் வாய்ப்பு கூடுதல். முதலில் எடையைக் குறையுங்கள். குறைத்த எடை ஆறு மாதம் ஏறாமல் நின்று, அப்போதும் தோல் தொங்கினால் மறுபடி எழுதுங்கள்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உண்டு. – நாவலப்பிட்டி

அப்படியென்றால் பிள்ளையைப் பெற்று, பால்குடி மறந்து ஆறு மாதமாவது போன பிறகு பார்க்கலாம். இப்போது செய்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று இல்லை. தைத்த தசை மறுபடி விலகி, செலவும் வலியும் வீணாகும்.

இந்தியாவில் மலிவாகச் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா? – கண்டி

எனக்கு இதில் பயம் அதிகம். இந்தியாவில் அருமையான வைத்தியர்கள் இருக்கிறார்கள், குறை அதில் இல்லை. அழகு ஒபரேஷன்களில் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடுதலாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று. அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிரே போகலாம். குறைந்தது பத்து நாளாவது விமானம் ஏறக் கூடாது. குழாய் எடுத்து, தையல் பார்த்த பிறகு வருவதுதான் நல்லது. பக்கேஜில் மூன்று நாள்தான் தங்கல் என்றால் அதை விட்டுவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு தோலுக்கடியில் நீர் கட்டினால் யார் பார்ப்பார்கள் என்றும் முதலிலேயே கேளுங்கள்.

கொழும்பில் செய்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதுவே. அன்றே கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கி வராதீர்கள். முதல் வாரம் நகரத்திலேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். வரும்போது மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். கருத்தடைக் குளிசை எடுப்பவர்கள் அதை ஒபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள். சில வகைகளை நாலு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அப்போது வேறு கருத்தடை முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் தகுதி பெற்ற நிபுணர் செய்ய வேண்டும். மயக்க மருந்துக்கென்று வேறொரு வைத்தியர் இருக்க வேண்டும். "பார்லருக்கு மேல்மாடியில் செய்கிறோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தழும்பு மறையுமா? கர்ப்பக் கோடுகளும் போய்விடுமா? – தலவாக்கலை

தழும்பு மறையாது, மங்கும். அதற்கு ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும். நம் நிறத்தில் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடமோ சீசர் தழும்போ உங்களுக்குத் தடித்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வெட்டி எடுக்கும் தோலில், அதாவது தொப்புளுக்குக் கீழே உள்ள கோடுகள் மட்டும் போகும். அடிவயிறு பல மாதம் மரத்திருக்கும். அந்தக் காலத்தில் சுடுநீர்ப் போத்தல் வைக்காதீர்கள். நுவரெலியாக் குளிரில் ஆசை வரும், ஆனால் சுட்டாலும் தெரியாது.

மனைவிக்கு அடுத்த மாதம் ஒபரேஷன். வீட்டில் நான் எதைக் கவனிக்க வேண்டும்? – இராகலை

இதைக் கேட்ட ஒரே கணவர் நீங்கள்தான். மனம் நிறைந்தது. படுக்கும்போது தலைக்கும் முழங்காலுக்கும் கீழே தலையணை வைத்து, வயிறு மடங்கியபடி படுக்க வையுங்கள். ஆனால் படுத்தே இருக்க விடக் கூடாது. முதல் நாளிலிருந்தே கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள். குழாயில் வரும் நீரை நாளுக்கு எத்தனை மில்லிலீட்டர் என்று கொப்பியில் எழுதுங்கள். குழாய் எடுக்கும் நாளை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

காய்ச்சல், காயத்திலிருந்து சீழ், வயிறு ஒரு பக்கம் திடீரென வீங்குதல், தோல் கறுத்தல் என்றால் அன்றே வைத்தியசாலை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தோட்டப் பாதையில் வண்டி எந்த இடம் வரை ஏறும் என்று இப்போதே போய்ப் பாருங்கள். அந்த இடம் வரை அவரைத் தூக்கி வர நாலு பேரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.