ஒரே செடியில் இரண்டு வைரஸ்கள்

கேள்வி: எங்கள் குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் ஆண்டுதோறும் தேமல் நோய் தலைகாட்டுகிறது. வைரஸ்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய வைரஸ் பிறக்கும் என்று படித்தேன். அது உண்மையா? நோய் பெருகுவதற்கு அதுதான் காரணமா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: கலப்பது உண்மை. இரண்டாவது கேள்விக்குத்தான் சற்று நிதானமாக விடை சொல்ல வேண்டும்.

குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியைத் தாக்கும் தேமல் வைரஸின் மரபுப்பொருள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 மரபு எழுத்துகள் கொண்ட இரண்டு டி.என்.ஏ. வளையங்களாக இருக்கிறது. இரு வேறு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் பெருகும்போது, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி பாதியில் ஒரு வைரஸின் வளையத்தை விட்டு மற்றொன்றின் வளையத்துக்குத் தாவி, இரண்டும் கலந்த படியை உருவாக்கிவிடுவதுண்டு. இதையே மறுசேர்க்கை என்கிறோம்.

1980-களின் இறுதியில் உகாண்டாவின் வடமத்தியப் பகுதியில் கிளம்பிய கடுமையான தேமல், ஆண்டுக்குச் சுமார் 20 கி.மீ. வீதம் தெற்கே நகர, பல இடங்களில் உழவர்கள் மரவள்ளியையே கைவிட்டார்கள். அந்த வைரஸைப் போர்த்தியிருக்கும் உறைப்புரதத்துக்கான மரபணுவில் முதல் 219 எழுத்துகளும் கடைசி 93 எழுத்துகளும் கிழக்கு ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸைச் சேர்ந்தவை என்றும், இடையிலுள்ள 459 எழுத்துகள் ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸிலிருந்து வந்தவை என்றும் 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது. உறையை மட்டும் அறியும் எதிர்ப்பொருள் சோதனையோ, சட்டையைப் பார்த்து ஆளை மாற்றி எண்ணுவதுபோல, இதை ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸாகவே காட்டியது.

ஆனால், ஒட்டிக்கொண்ட அந்தத் துண்டுதான் நோயைக் கடுமையாக்கியது என்று சொல்லிவிட முடியாது. மிக மோசமாகக் குன்றியவை, கலப்பு வைரஸும் பழைய ஆப்பிரிக்க வைரஸும் சேர்ந்தே தாக்கிய செடிகள். செடியின் தற்காப்பை அவ்விரண்டும் வெவ்வேறு புரதங்களால் முடக்கின. வைரஸைச் செடிக்குச் செடி பரப்பும் வெள்ளை ஈக்களின் பெருக்கமும் நோயுற்ற செடிகளின் தண்டுக் குச்சிகளை நட்டதும் மீதி வேலையைச் செய்தன.

நம் பக்கம் இந்திய, இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ்கள் இரண்டும் உண்டு. ஒற்றை வளையத்தோடு வாழ்ந்த ஏதோ ஒரு வைரஸ், இந்திய வைரஸின் இரண்டாம் வளையத்தைக் கைப்பற்றிக்கொண்டதால் இலங்கை வைரஸ் உருவாகியிருக்கலாம் என்று 2002-ல் ஆய்வாளர்கள் விளக்கினர். மரவள்ளியின் தாயகமான தென்னமெரிக்காவில் இவ்வகை வைரஸ்கள் இல்லாததால், இவை இங்குள்ள வேறு செடிகளிலிருந்தே மரவள்ளிக்குத் தாவியிருக்க வேண்டும்.

ஆகவே, புதிய வைரஸைத் தேடுவதற்கு முன் உங்கள் விதைக்குச்சியைப் பாருங்கள். முளைத்துவரும் செடியின் அடியிலைகளிலேயே தேமல் தெரிந்தால், நோய் குச்சியோடு வந்தது. அடியிலைகள் சுத்தமாக இருந்து மேலிலைகள் மட்டும் சுருண்டு மஞ்சள் பாய்ந்திருந்தால், வெள்ளை ஈ கொண்டுவந்தது. குச்சியோடு வந்ததென்றால், அறுவடையின்போது இலை உதிர்ந்து வேறுபாடு தெரியாமல் போகுமென்பதால், இலை நிற்கும்போதே தேமலற்ற செடிகளில் துணி கட்டி அடையாளம் வைத்து, அடுத்த நடவுக்கு அவற்றிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள்.