பறவைகளைப் பற்றி அதிகம் தெரியாதவர் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேரலாமா? அவரால் ஏதேனும் பயன் உண்டா?

தாராளமாகச் சேரலாம். நான் முதன்முறை கலந்துகொண்டபோது எனக்கு ஐயமின்றி அடையாளம் தெரிந்த பறவைகள் இருபதைத் தாண்டாது. அதன்பின் ஒன்பது குளிர்காலங்களாக அதே நீர்நிலையை எண்ணி வருகிறேன். தெரிந்ததை மட்டும் தெரிந்ததாக எழுதும் நேர்மையும், சென்ற ஆண்டு நடந்த அதே பாதையில் அதே முறையில் இந்த ஆண்டும் நடக்கும் பொறுமையும் உள்ளவர் எந்தக் குழுவுக்கும் தேவைப்படுகிறார் என்பதே என் அனுபவம்.

இந்த வழக்கத்தின் தொடக்கமே எளிய மனிதர்களை நம்பியதுதான். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலத்தில் யார் அதிகப் பறவைகளைச் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி நடத்தும் பழக்கம் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணிப் பார்ப்போம் என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900-ஆம் ஆண்டு அழைப்பு விடுத்தார். முதல் ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். இன்றைக்கும் அந்தக் கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பு, டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரையிலான நாட்களில் ஏதேனும் ஒரு நாளில், ஒவ்வோர் இடத்திலும் சுமார் 24 கி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் நடக்கிறது. ஆசியாவில் 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது.

புதியவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் முதல் வேலை குறிப்பெழுதுவது. அதைச் சிறிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். இருவர் இரண்டு மணி நேரம் சுற்றி நாற்பது கொக்குகளைப் பார்ப்பதும், அறுவர் நாள் முழுவதும் அலைந்து அதே நாற்பதைப் பார்ப்பதும் ஒன்றாகாது. புறப்பட்ட நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, வண்டியில் சென்ற தொலைவு, குழுவில் எத்தனை பேர், மூடுபனி இருந்ததா என்பவையெல்லாம் பதிவானால்தான் அந்த எண்ணிக்கையை வேறோர் ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியும். கண்களில் பைனாகுலரை வைத்திருப்பவர் இவற்றைக் கவனிக்க இயலாது. அவர் சொல்லச் சொல்ல எழுதுபவரே கவனிக்க வேண்டும்.

எண்ணுவதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது, அதைச் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். முதல் ஆண்டில் ஒரு நாமக்கோழிக் கூட்டத்தைப் பார்த்து முந்நூறு இருக்கும் என்றேன். உடனிருந்த மூத்தவர் ஒருவர், "பத்தை மட்டும் எண்ணுங்கள். அந்தப் பத்து நீரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பிடித்துக்கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளந்து வாருங்கள்" என்றார். அப்படி இருமுறை அளந்தபோது அறுநூற்றை ஒட்டி வந்தது. பெரிய கூட்டங்களைக் குறைத்து மதிப்பிடுவது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வதாம். பறவைகள் கலைந்து எழுவதற்கு முன்பே எண்ணி முடிப்பதும், ஒரு கூட்டம் பக்கத்துக் குழுவின் எல்லைக்குள் பறந்து சென்றால் நேரத்தையும் திசையையும் குறித்துவைப்பதும் அவசியம். மாலையில் எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இருமுறை எண்ணப்பட்டவற்றைக் கழிக்க அந்தக் குறிப்புதான் உதவும்.

இரண்டாம் ஆண்டு நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். உயரத்தில் வட்டமிட்ட ஒரு பருந்தைக் கண்டதும், அருகிலிருந்தவர்களின் உற்சாகம் தொற்றிக்கொள்ள, அரிய இனமொன்றின் பெயரை எழுதிவிட்டேன். வாலின் வடிவம் எப்படி இருந்தது, இறக்கையின் அடிப்புறம் என்ன நிறம் என்று மாலையில் தொகுப்பாளர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "பருந்து, இனம் தெரியவில்லை - 1" என்று எழுதினோம். அந்தப் பதிவு இன்றும் பயனுள்ளது. முந்தையது நிலைத்திருந்தால் பிற்காலத்தில் யாரையோ தவறான முடிவுக்கு இட்டுச் சென்றிருக்கும்.

அரியதைத் தேடும் ஆவலில் காகத்தையும் மைனாவையும் கடந்துபோவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு, அந்த இழப்பின் பெரும்பகுதி நாம் சாதாரணமானவை என்று நினைக்கும் குடும்பங்களில் நேர்ந்ததாகக் காட்டியது. கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பின் நாற்பது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையிலோ, 305 இனங்களில் 177 இனங்கள் குளிர்காலத்தில் முன்னைவிட வடக்கே தங்கத் தொடங்கியிருப்பது தெரியவந்தது. இத்தகைய நகர்வு எந்த ஒருவருடைய கண்ணுக்கும் தெரியாது; ஆண்டுதோறும் ஒரே இடத்தைப் பலர் சலிக்காமல் எண்ணியதால்தான் அது புலப்பட்டது. ஆகவே, எதிர்பார்த்த பறவை வரவில்லை என்றாலும், முழுநேரமும் தேடினோம் என்ற குறிப்போடு அதையும் பதிவு செய்யுங்கள்.

கணக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் பேசி, உங்களுக்கு எந்தெந்தப் பறவைகள் உறுதியாகத் தெரியும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள ஒருவரோடு உங்களைச் சேர்ப்பார்கள். முடிந்தால் முந்தைய வாரம் ஒருமுறை அந்தப் பாதையில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். நடுப்பகலில் சோர்வு வந்தாலும் பாதியில் விலகாமல் மாலைத் தொகுப்பு வரை இருங்கள்; ஒவ்வொரு பெயராக வாசித்துச் சரிபார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் மிகுதியாகக் கற்றுக்கொண்டேன்.