வாசகர் கேள்வி – பதில்: இருபது லட்சம் உயிர்களுக்கு ஒரு பேரேடு

கேள்வி: அறியப்பட்ட உயிரினங்களின் எண்ணிக்கை ஒரு நூலில் பதினைந்து லட்சம் என்றும் மற்றொன்றில் இருபது லட்சம் என்றும் உள்ளது. உலகுக்கெல்லாம் பொதுவான ஒரே பட்டியல் கிடையாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ‘கேட்டலாக் ஆஃப் லைஃப்’ என்ற பெயரில் 2001 முதல் தொகுக்கப்பட்டு வரும் பட்டியலில் இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும், இரு சொற்களால் பெயர் சூட்டும் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய பிறகும் இதற்கு இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம், எண்ணுவதைவிடப் பெயர்களைச் சரிபார்ப்பதே பெரும் வேலையாக இருப்பதுதான். ஒருவர் பெயர் சூட்டியதை அறியாமலோ, அறிந்தும் ஏற்காமலோ மற்றொருவர் அதே உயிருக்கு வேறு பெயர் சூட்டிவிடுகிறார். 1792இல் இத்தாலிய இயற்கையியலாளர் ஒலிவி விவரித்த லிட்டோரினா சாக்சடிலிஸ் என்னும் சிறிய கடல்நத்தையைப் பாருங்கள். அலை மோதும் பாறையில் வாழும் நத்தைக்கு ஓடு சிறுத்து, மெலிந்து, வாய் அகன்றிருக்கும். நண்டுகள் மிகுந்த இடத்தில் வாழ்வதற்கோ ஓடு பருத்துத் தடித்து, வாய் குறுகியிருக்கும். நிறமும் கரைக்குக் கரை மாறும். ஒவ்வொன்றையும் தனி உயிரென்று கருதியவர்கள் இதற்குச் சூட்டிய பெயர்கள் நூறைத் தாண்டும். கடல்வாழ் உயிர்களுக்கென்றே உள்ள உலகப் பதிவேட்டுக்காக நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அலசியபோது, ஏறத்தாழப் பாதி இத்தகைய மறுபெயர்கள் என்று தெரியவந்தது.

மறுபெயர்களை அழித்துவிடுவதில்லை, ஏற்கப்பட்ட பெயரோடு இணைத்து வைக்கிறார்கள். வேம்புக்கு லின்னேயஸ் இட்ட பெயர் மீலியா அசாடிராக்டா. 1830இல் அது அசாடிராக்டா இண்டிகா ஆயிற்று. பழைய நூலில் முதற்பெயரைப் படித்தவரும் அதே மரத்துக்கு வந்து சேர வேண்டுமல்லவா!

எல்லாவற்றையும் முடிவு செய்யும் தலைமைக் குழு எதுவும் இல்லை. அந்தந்தப் பிரிவின் வல்லுநர்கள் பராமரிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட தரவுத்தளங்களை இணைத்தே இந்தப் பட்டியல் உருவாகிறது. பறவைக்கும் மீனுக்கும் வல்லுநர்கள் உண்டு; சில பூச்சிக் குடும்பங்களுக்கோ உலகெங்கும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருக்கிறார்கள். புதிய உயிரினத்தைக் கண்டவருக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்குக் கிடைத்தால் நன்று.

கேள்வி: அப்படியானால் உலகில் 87 லட்சம் உயிரினங்கள் என்று சொல்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அது 2011இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீடு, இன்னும் பெயரிடப்படாதவற்றையும் சேர்த்த கணக்கு. பாக்டீரியாக்கள் அதில் அடங்கா. பட்டியலில் இடம்பெறுவதற்கோ, முறைப்படி விவரிக்கப்பட்டு வெளியிடப்பட்ட பெயர் வேண்டும்.