வைனும் துவர்ப்பும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஏற்காடு காபியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. வேலை பெங்களூரில். ஆறு மாதமாக எனக்கு ஒரு பழக்கம். இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஏதாவது ஒரு வைன் பாட்டிலை வாங்கி, அறை நண்பர்கள் மூன்று பேரோடு சுவைத்துப் பார்த்து, நோட்டில் தமிழில் குறிப்பு எழுதி வைக்கிறேன். நாசிக், சிலி, ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று இதுவரை 12 பாட்டில் ஆகிவிட்டது. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போடுகிறேன்.

என் சந்தேகங்கள் மூன்று. வைனைப் பற்றி எதுவுமே படிக்காத நான், மலிவான வைன்களை மட்டும் குடித்துவிட்டு விமர்சனம் என்று எழுதலாமா? லேபிளில் போட்டிருக்கும் பிளாக்பெர்ரி பழம், செடார் மரம் என்ற வாசனை எதுவும் எனக்குத் தெரிவதில்லை, என் மூக்கில் குறையா? வைனுக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன?

மாதிரிக்கு ஒரு குறிப்பு: 'சிலி. கேபர்னே சாவினான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தது. அடர் சிவப்பு. நாவல்பழ வாசனை கொஞ்சம். ஒரே கசப்பு. வாய் காய்ந்துபோகிறது. 52.'

பெயரை வெளியிட வேண்டாம் அக்கா. அம்மா உங்கள் தளத்தைப் படிக்கிறார்.

கோ.

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் அம்மாவிடம் என்றைக்காவது நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது போய்ச் சொன்னால், குடித்ததைவிட மறைத்ததுதான் அவருக்கு அதிகம் வலிக்கும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வைனை வைன் என்றே எழுதுங்கள். காபியும் டீயும் தமிழில் வந்து உட்கார்ந்துகொண்டது போல இதுவும் உட்காரட்டும். மதிப்பெண் வேண்டாம். நூற்றுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தைப் பரப்பியவர் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகர், 1970களின் கடைசியில். அவருடைய அளவுகோலே 50இல்தான் தொடங்குகிறது. நீங்கள் போட்ட 52 அந்தக் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். சிலியில் யாரோ ஒரு விவசாயி ஒரு வருடம் பாடுபட்டு விளைவித்ததற்குப் பூஜ்யம் போட உங்களுக்கு என்ன அவசரம்?

மூக்கில் குறை ஒன்றும் இல்லை. பிரான்சில் பொர்தோ நகரத்தில் வைன் படிப்புப் படித்த 54 மாணவர்களிடம், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. படித்தவர்களின் மூக்கையே கண் இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் பார்த்தே இராத பிளாக்பெர்ரி உங்களுக்கு எப்படி மணக்கும்? நாவல்பழம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காக உங்களைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே 'ஒரே கசப்பு' என்று எழுதிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

தம்பி, 'ஒரே கசப்பு', 'வாய் காய்ந்துபோகிறது' என்று அடுத்தடுத்து எழுதும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியவில்லையா? பாகற்காய் தின்றால் வாய் காய்கிறதா? வேப்பம்பூ ரசம் குடித்தால் காய்கிறதா? கசப்புக்கு எச்சில் ஊறும். வாயைக் காய வைப்பது துவர்ப்பு. வாழைப்பூவை வேகவைக்காமல் கடித்துப் பார்த்ததில்லையா? மாதுளம்பழத்தின் தோலைப் பல்லில் பட விட்டதில்லையா? நாவல்பழம் தின்றுவிட்டு நீலமான நாக்கை நீட்டிக்கொண்டு தெருவில் ஓடியிருப்பீர்களே, அப்போது கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளுமே, அதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள்? அந்தப் பெயர் எங்கே போயிற்று?

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்று சொல்கிறேன்.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று இப்போது எல்லாரும் எழுதுகிறோம். அந்தக் காபியைக் கூடை கூடையாகச் சுமந்த பெண்களில் என் அம்மாயியும் ஒருவர். அரைப் பரீட்சை லீவுக்கு நாங்கள் சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போனால், அங்கே பழம் பறிக்கிற காலமாக இருக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகாது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மாயி முன்னால் போவார், நான் பின்னாலேயே போவேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிவந்த பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டால் வழவழவென்று ஒரு இனிப்பு வரும். அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவேன். ஒருநாள் தெரியாமல் ஒரு பச்சைக் காயைக் கடித்துவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கசக்குது அம்மாயி" என்றேன்.

"கசக்கலை கண்ணு, தொவர்க்குது" என்றார். "கசப்பு நாக்கோட நின்னுக்கும். தொவர்ப்பு கன்னத்தைப் புடிச்சு இழுக்கும்." சொல்லிக்கொண்டே சுருக்குப்பையிலிருந்து கொட்டைப்பாக்கில் ஒரு சில்லு எடுத்து என் வாயில் போட்டார். "இப்பப் பாரு. அதே மாதிரி இழுக்குதா?"

இழுத்தது. பச்சைக் காய் சாக்கில் கலந்துவிட்டால் மேஸ்திரி திட்டுவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அது காபியில் துவர்ப்பாக வந்து நிற்கும்.

இருபத்திரண்டு வயதில் ஒரு காபி வியாபார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கொட்டையைச் சுவைத்துத் தரம் பிரிப்பார்கள். மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள். கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றி, துப்பிவிட்டு, தாளில் எழுத வேண்டும். மூன்றாவது கிண்ணத்தில் என் கன்னம் இரண்டும் உள்ளே போயின. தாள் இங்கிலீஷில் இருந்தது. துவர்ப்புக்கு எனக்கு இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை. பிட்டர் என்று எழுதினேன். மேலதிகாரி பத்துப் பேர் முன்னால் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "மலையிலிருந்து வந்த பெண், பச்சைக் காய் கலந்த கொட்டைகூடத் தெரியவில்லை" என்றார். எனக்குத் தெரியும். கிண்ணம் உதட்டில் பட்ட அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் கையிலிருந்த தவறான சொல்லில் போட்டதால் இல்லாமல் போய்விட்டது. அப்போது அம்மாயி உயிரோடுதான் இருந்தார். அவரிடம் இதை நான் சொல்லவே இல்லை.

போன மாதம் பழைய வீட்டைக் காலி செய்தபோது அவருடைய பாக்குவெட்டி கிடைத்தது. அதைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய சுவைக் கணக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நான்குதான் இருந்தன. இகெடா என்ற ஜப்பானியர் 1908இல் கண்டு சொன்ன உமாமியைச் சேர்த்து இப்போது ஐந்து. நம்முடையது ஆறு, அதில் கார்ப்பும் துவர்ப்பும் உண்டு. இந்த இரண்டையும் நாக்கின் சுவை மொட்டுகள் உணர்வதில்லை, கார்ப்பு ஒருவகை எரிச்சல், துவர்ப்பு ஒருவகைத் தொடுஉணர்வு என்று அறிவியல் சொல்கிறது. சரி, இருக்கட்டும். அம்மாயி சொன்னதும் அதுதானே? கசப்பு நாக்கில், துவர்ப்பு கன்னத்தில்.

வைனில் இந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? திராட்சையின் தோல், விதை, காம்பு மூன்றிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. அது நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்கிவிடும். வழுவழுப்புப் போய், நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். அதைத்தான் நீங்கள் 'காய்ந்துபோகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். டானின் என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. மரப்பட்டையின் டானின் மாட்டுத் தோலில் உள்ள புரதத்தை இறுக்கித்தான் செருப்புத் தோலாக்குகிறது. நம் ஊரில் அதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். சேலத்தில் எந்தத் தரிசு நிலத்துக்குப் போனாலும் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதே ஆவாரைதான்.

இப்போது சொல்லைக் கவனியுங்கள். துவர் என்றால் தமிழில் சிவப்பு என்றும் பொருள். துறவிகளின் காவி ஆடைக்குத் துவராடை என்று பெயர். துவர்தல் என்றால் உலர்தல். கன்னியாகுமரிப் பக்கம் குளித்துவிட்டு உடம்பைத் துடைக்கும் துண்டைத் துவர்த்து என்றே சொல்கிறார்கள். பாக்குக்குத் துவர்க்காய் என்று ஒரு பெயர் உண்டு. சிவப்பு, காய்தல், கன்னத்தை இழுத்தல் என்று மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. சிவப்பு வைனில் நடப்பதும் இதேதான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால், அந்தத் தோலிலிருந்தே நிறமும் வருகிறது, துவர்ப்பும் வருகிறது. வெள்ளை வைனில் பெரும்பாலும் தோலை முன்னாலேயே நீக்கிவிடுகிறார்கள். அதனால் சிவப்பும் இல்லை, இழுப்பும் இல்லை. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் கசப்பு என்று எழுதுவதா?

உங்கள் சிலி பாட்டிலுக்கு வருகிறேன். கேபர்னே சாவினான் என்பது ஒரு திராட்சை வகை. சின்னப் பழம், தடித்த தோல். துவர்ப்பு கூடுதலாகத்தான் இருக்கும். அதைச் சில்லென்று குடித்தால் துவர்ப்பு இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்துவிட்டு வைனைத் திட்டுவது நியாயமில்லை. அரைமணி நேரம் வெளியே வையுங்கள். வெறும் வாயோடு குடிக்காமல் பக்கத்தில் மட்டன் வறுவலோ சீஸ் துண்டோ இருக்கட்டும், டானின் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைக்கும். சந்தேகமிருந்தால் கறுப்பு டீயை நன்றாகக் கொதிக்க வைத்து ஒரு வாய் குடியுங்கள். அப்புறம் அதிலேயே பால் ஊற்றி இன்னொரு வாய். இழுப்பு எவ்வளவு அடங்கிவிடுகிறது என்று பாருங்கள். இன்னொன்று, துவர்ப்பு ஒவ்வொரு வாய்க்கும் ஏறிக்கொண்டே போகும். முதல் வாயில் எழுதிய குறிப்பும் ஐந்தாவது வாயில் எழுதிய குறிப்பும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

சிலி என்றதும் நினைவு வருகிறது. அங்கே மெர்லோ என்று நம்பிப் பயிரிட்டுக் குடித்துவந்த திராட்சையில் ஒரு பெரும்பகுதி மெர்லோவே இல்லை, கார்மெனேர் என்ற பழைய பிரெஞ்சு வகை என்று 1994இல் ஒரு பிரெஞ்சு நிபுணர் கண்டுபிடித்துச் சொன்னார். இலையைப் பார்த்தும் பூவைப் பார்த்தும் கண்டுபிடித்தார். அந்தச் செடிகள் பிந்திப் பழுக்கின்றன என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பெயர்தான் மாறிக் கிடந்தது. தகுதி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்களே, அதைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்வது? எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துவிட்டது. அதனால் துப்பப் பழகுங்கள். உலகம் முழுக்க வைன் சுவைப்பவர்கள் பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டு துப்பத்தான் செய்கிறார்கள். என் அம்மாயியின் கட்டிலுக்கடியில் எப்போதும் ஒரு பித்தளைப் படிக்கம் இருக்கும். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டிலை முடித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தச் சிலி வைனை மறுபடி ஒருமுறை வாங்கி, குறிப்பை முதலிலிருந்து எழுதி எனக்கு அனுப்புங்கள். டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஏற்காட்டுக்கு வாருங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. எங்கள் வேலியோரம் நாலு காபிச் செடி நிற்கிறது. பச்சைக் காய் ஒன்று பறித்துத் தருகிறேன், கடித்துப் பார்த்துவிட்டு என்னவென்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா