விரிசலைப் படிக்க யார் சொல்லித் தருவார்கள்?

கேள்வி: அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறேன். பயிற்சியில் கோப்பு, டெண்டர், விதிமுறை எல்லாம் சொல்லித் தந்தார்கள். ஆனால் பிளாக்குக்குள் கால் வைத்ததும் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள். இதற்கு எங்கே பயிற்சி கிடைக்கும்?
– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தம்பி, ராயபுரம், காசிமேடு பக்கம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோப்பு வகுப்பு அவசியம்தான். புருஷனை இழந்து வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வந்து நிற்கும் அம்மாவிடம் என்னென்ன சான்று வேண்டும் என்று ஒரே தடவையில் சொல்லத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அவர் கூலியை விட்டுவிட்டு அலைவார்.

ஆனால் கட்டடத்தை பிளாக்கில்தான் படிக்க முடியும். உங்கள் பிரிவில் பழைய மேஸ்திரி யாராவது இருப்பார். அவரோடு மொட்டை மாடியில் தொடங்கி கீழே சம்ப் வரை நடந்து வாருங்கள். பால்கனியின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும். பூச்சு விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். நம் பக்கம் உப்புக்காற்று வேறு. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டை வெளியே தள்ளும். துருவைச் சுரண்டாமல் மேலே சிமென்ட் பூசினால் உள்ளே அரிப்பு நிற்காது. விரிசல் இருந்தால் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்த குடியிருப்புவாசிகள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கே வசிப்பவர்களின் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. முதல் மாடி ஆயா 'சுவரு ஒரு மாதிரி இருக்குப்பா' என்றால் அதைப் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள், ஏறிப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கத்தல். அவர்கள் உங்கள் மேல் கோபப்படவில்லை. அதே புகாரை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி அலுத்தவர்கள். நோட்டில் எழுதி, எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். மறுபடி வரும் நாளைச் சொல்லுங்கள். வேலை முடியாவிட்டாலும் அந்த நாளில் போய் நில்லுங்கள். இதைப் பழக, இந்தக் குடியிருப்புகளை நடத்தும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் சமுதாய வளர்ச்சிப் பிரிவு ஊழியர்களோடு குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள். ஜனங்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, சாயங்காலத்தில் வைக்கும் கூட்டமாகப் பார்த்துப் போங்கள்.

புதிதாகச் சேர்கிறவர்களை மேஸ்திரியோடு பிளாக்குக்கு அனுப்புவதையே பயிற்சியில் சேர்க்கச் சொல்லி உங்கள் நிர்வாகப் பொறியாளருக்கு எழுதுங்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் ஒழுகுகிற வீடுகளுக்கு ஓடவே நேரம் போதாது. செப்டம்பருக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.